அறிவித்தால் மட்டும் போதுமா?



சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 2021 டிசம்பர் 27 அன்று, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் சரிந்தது. 24 வீடுகள் தரைமட்டம். 1993-இல் கட்டியவை, முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விரிசல் பெரிதாவதைக் கண்டவர்கள், அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுக்கொண்டு, சாமான்களைப் போட்டது போட்டபடி வெளியேறியிருந்தார்கள்.

நல்ல கட்டடம் எப்படி இந்த நிலைக்கு வருகிறது? கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் கசிந்து சுவர் ஊறுகிறது. ஈரம் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டதும் துரு ஏறுகிறது. துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் தளத்தின் அடியில் பழுப்புக் கோடு தெரியும். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தால் காரை பெயர்ந்து தட்டில் விழும். வெள்ளையடித்தால் கோடு மறையும், துரு மறையாது.

பொறியாளர்கள் வந்து பார்த்து, ‘வசிக்கத் தகுதியற்றது’ என்று அறிவிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கலே. மும்பை பெண்டி பஜாரில் 2017 ஆகஸ்ட் 31 அன்று இடிந்து, முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கட்டடம், 2011-லேயே அபாயகரமானது என்று அறிவிக்கப்பட்டதுதான். ஆனாலும் குடும்பங்கள் அங்கேயே இருந்தன.

இதை வீம்பு என்று சொல்லிவிட முடியாது. பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. வெளியே வீடு பிடிக்க அட்வான்ஸ் வேண்டும். காலி செய்தால் இதே இடம் திரும்பக் கிடைக்குமா, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர்க்கோடிக்கு அனுப்பிவிடுவார்களா என்ற பயம் வேறு. தமிழ்நாட்டில் மறுகட்டுமானத்துக்காக வாரிய வீட்டைக் காலி செய்பவர்களுக்குக் கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் வேலை ஒன்றரை ஆண்டு இழுத்தால், மாதத்துக்கு 1,333 ரூபாய்தான். அந்த வாடகைக்குச் சென்னையில் எங்கே வீடு இருக்கிறது?

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸிலேயே மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: புது வீடு கட்டி முடியும்வரை எங்கே தங்குவது, வாடகை எவ்வளவு தருவார்கள், எந்தத் தேதியில் இதே இடத்துக்குத் திரும்பலாம். இவை இருந்தால் யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. தாமாகவே மூட்டை கட்டுவார்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தூணிலோ தளத்திலோ கம்பி வெளியே தெரிந்தால் சிமென்ட் பூசி மூடாதீர்கள். தேதியோடு படம் எடுத்து, மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விரிசல் நாளுக்கு நாள் விரிந்தால், நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.