முக்கு வரை வந்த கம்பி முஹல்லாவுக்குள் வராதது ஏன்?

(தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் தேர்தலைப் பற்றிப் பேச வரவில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் பேச வரவில்லை. ஒரு கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். மெயின் ரோட்டு முக்கில் ஒரு கம்பம் நிற்கிறது. அதன் தலையில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது. அந்தப் பெட்டி வரைக்கும் பைபர் கேபிள், அதாவது கண்ணாடி இழைக் கம்பி வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அந்தக் கம்பத்திலிருந்து நமது முஹல்லாவின் முதல் வீட்டுக்கு நடந்து வர மூன்று நிமிடம் போதும். ஆனால் அந்த மூன்று நிமிடத் தூரத்தை அந்தக் கம்பி இன்னும் கடக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக பிளாட் போட்டு விற்ற நகருக்குப் போய்விட்டது. பாதி மனைகளில் இன்னும் வீடே கட்டவில்லை. அங்கே கம்பி இருக்கிறது. நானூறு வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் நமது முஹல்லாவில் இல்லை.

நமக்குக் காத்திருப்பது புதிதல்ல. போன் கனெக்ஷனுக்கு எழுதி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காக்காமார்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். சவூதியிலிருந்து வாப்பா பேசுகிறார் என்று ஆள் வந்து சொன்னால், போன் இருக்கும் வீட்டுக்கு உம்மா பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டம் இன்று இல்லை. அதனால்தான் நமக்குக் கோபமும் வரவில்லை. "கையில் செல்போன் இருக்கிறது, அதில் நெட் இருக்கிறது, வீட்டுக்கு வேறு எதற்கு ஆலிம்சா?" என்று கேட்கிறார்கள்.

எதற்கு என்று சொல்கிறேன்.

நமது முஹல்லாவில் ஒரு பெண்பிள்ளை. பெயர் வேண்டாம். இன்ஜினியரிங் படித்தாள். 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வை இண்டர்நெட் வழியாக நடத்தியது. கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மொட்டை மாடியில் குடையைக் கட்டி வைத்து, அதன் நிழலில் உட்கார்ந்து எழுதினாள். நடுவில் இரண்டு முறை தொடர்பு அறுந்தது. எப்படியோ பாஸாகிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். பிறகு 2023இல் அவளுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். கம்பி வழியாக வரும் பிராட்பேண்ட் வீட்டில் இருக்க வேண்டும், செல்போன் நெட் கூடாது. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். அவள் வாப்பா அலையாத இடம் இல்லை. கம்பி வரவில்லை. வேலை போய்விட்டது.

இப்போது அவளுடைய வாப்பா என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் சொல்ல வேண்டும். "பெண்பிள்ளைகளை வேலைக்கென்று வெளியூருக்கு அனுப்பாதீர்கள் என்று மேடையில் சொன்னது நீங்கள்தானே ஆலிம்சா? சரி, அனுப்பவில்லை. வேலையே வீடு தேடி வந்தது. அதை உள்ளே விட வீட்டில் வசதி இல்லை. நான் என்ன செய்யட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்துதான் இந்தக் கம்பியின் பின்னால் நடக்க ஆரம்பித்தேன்.

செல்போன் நெட் எங்கே போதாமல் போகிறது என்பதை முதலில் புரிந்து கொள்ளுங்கள். ஒரு டவரின் கீழ் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் அதைப் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். இஷாவுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால் எல்லோருக்கும் படம் சுற்றிக் கொண்டே நிற்கும். நமது பழைய வீடுகளின் சுவரோ ஒன்றரை அடி. அலை உள்ளே வர வேண்டாமா? ஒரு வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து ரீசார்ஜ். கம்பி என்றால் ஒரே பில், ஐந்து பேருக்கும் சேர்த்து. பழைய டெலிபோன் செம்புக் கம்பியில் வந்த பிராட்பேண்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனாலே மெலிந்துவிடும். கண்ணாடி இழையில் போவது வெளிச்சம். 20 கிலோமீட்டர் வரை தாக்குப் பிடிக்கும். ஒரே இழையை 32 வீட்டுக்கு, 64 வீட்டுக்குக் கூடப் பிரித்துக் கொடுக்கலாம். இதற்கு நடுவில் மின்சாரமும் தேவையில்லை. இரண்டு முனையில் இருந்தால் போதும்.

அரசாங்கக் கணக்கில் எதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர் தெரியுமா? 2004இல் விநாடிக்கு 256 கிலோபிட் வந்தால் பிராட்பேண்ட் என்றார்கள். 2013இல் 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட் ஆக்கினார்கள். ஆகவே செல்போனில் அந்த வேகம் வந்துவிட்டால் உங்கள் வீட்டுக்குப் பிராட்பேண்ட் வந்துவிட்டது என்று கணக்கு எழுதிவிடுவார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2025 மார்ச் கணக்கில் செல்போன் வழிப் பிராட்பேண்ட் சுமார் 90 கோடி இணைப்புகள். கம்பி வழியாக வருவதோ சுமார் 4 கோடிதான். இந்த நாட்டில் நாம் மட்டும் காத்திருக்கவில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒளியிழை போட அனுமதி கொடுத்தது. பிறகு அதற்கு பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகள். இங்கே அந்த டெண்டர் 2020 ஜூனில் மத்திய அரசால் ரத்து செய்யப்பட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சரி, அது முழுவதும் முடிந்தாலும் நமக்கு வருமா? நமது ஊர் நகராட்சி! கிராமத் திட்டத்தில் நமக்குப் பெயர் இல்லை. தனியார் கம்பெனிக்கோ பணக்கார நகர் வேண்டும். நகராட்சிக்குள் இருக்கும் ஏழைத் தெரு இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. இந்தத் திட்டங்களுக்கான நிதி எங்கிருந்து வருகிறது? டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை அரசாங்கம் பிடிக்கிறது. அந்த வருமானம் நீங்களும் நானும் செய்த ரீசார்ஜ்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2023 ஜூன் 5ஆம் தேதி அந்த மாநில அரசு கேஃபோன் என்று சொந்தமாகவே ஒரு இண்டர்நெட் சேவையைத் தொடங்கியது. மின்சார வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே கேபிளைக் கொண்டு போனார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. இலக்கை எட்ட இன்னும் வெகுதூரம் இருக்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஏழை வீட்டுக்கும் கம்பி வேண்டும் என்று எழுதியாவது வைத்தார்களே! அதே கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற கல்லூரி மாணவி, விடுதியில் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை போனை ஒப்படைக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்டு, கோர்ட்டுக்குப் போனாள். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இண்டர்நெட் வசதி கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்புக் கொடுத்து, அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

பெரியவர்கள் சிலருக்கு ஒரு பயம் இருக்கிறது. நெட் வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று. நானும் இதே தெருவில் நின்று அப்படிப் பேசியவன்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பைக்குள்ளும் அது ஏற்கெனவே வந்துவிட்டது, போர்வைக்குள் போய்விட்டது. நடுக்கூடத்தில் எல்லோர் கண் முன்னாலும் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அதைவிட மோசமா? நீங்களே சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். முஸ்லிம் தெரு என்பதால்தான் ஒதுக்குகிறார்கள் என்று முடிவு கட்டிக் கொண்டே போனேன். கோபமாகவே பேசினேன். அங்கிருந்த இன்ஜினியர் ஒரு பைலை எடுத்துக் காட்டினார். 2022இலேயே நமது தெருவுக்கு சர்வே எடுக்க ஆள் வந்திருக்கிறார்கள். தெரு குறுகல், கம்பம் நட இடமில்லை, நான்கு இடங்களில் சுவரில் கொக்கி அடித்துக் கம்பியை இழுக்க வேண்டும். மூன்று வீட்டுக்காரர்கள் முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான்காவது சுவர் யாருடையது? மதரஸாவின் சுவர். மாத வாடகை கொடுத்தால்தான் அனுமதி என்று நமது கமிட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். டீ வந்தது, குடித்தேன், வாயைத் திறக்கவில்லை.

அதற்காகக் கம்பெனி செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். பாதி காலியாகக் கிடக்கும் நகருக்கு யாரிடமும் பெயர்ப் பட்டியல் கேட்காமல் கம்பி போட்டவர்கள், நம்மிடம் மட்டும் முதலில் அறுபது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடட்டும் என்கிறார்கள். நகராட்சியில் ரோடு வெட்டும் அனுமதி பைல் ஒரு வருடத்துக்கு மேல் தூங்கியது. 2016இலேயே மத்திய அரசு விதி போட்டது. விண்ணப்பம் வந்த 60 நாட்களுக்குள் அனுமதி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காரணம் எழுதி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். 2025 ஜனவரி 1 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. அதிலும் காலக்கெடு இருக்கிறது. நகராட்சியில் இதைக் கேட்க யார் போனோம்? வீடு வீடாக, தனித்தனியாக, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, "விரைவில் வரும்" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டோம். நானூறு வீடு நானூறு நாள் தனித்தனியாகப் போன் செய்தால், அங்கே அது நானூறு புகார். ஒரே தாளில் நானூறு கையெழுத்து என்றால் அது ஒரு வியாபாரம். கம்பெனிக்காரனுக்குப் புரிகிற மொழி அதுதான்.

நமது முஹல்லாவுக்குப் பின்னால் ஆதிதிராவிடர் குடியிருப்பில் நூற்றுப் பத்து வீடுகள் இருக்கின்றன. அங்கேயும் கம்பி இல்லை. நமது தெரு வழியாகத்தான் அங்கே போக முடியும். நாம் சுவரைக் கொடுக்காததால் அவர்களும் காத்திருக்கிறார்கள். நேற்று மாலை அங்கே போய்ப் பேசினேன். பட்டியலில் அவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். மனு கொடுக்கும்போது அவர்களின் பெரியவர் ஒருவரும் நம்மோடு வருகிறார்.

ஒரே கம்பெனியின் வாசலில் மட்டும் நிற்கப் போவதில்லை. பி.எஸ்.என்.எல். பல ஊர்களில் உள்ளூர் கேபிள் டி.வி.காரர்களைப் பங்காளியாகச் சேர்த்துத்தான் வீட்டுக்கு பைபர் கொடுக்கிறது. நமது கேபிள்காரத் தம்பியிடமும் பேசியாகிவிட்டது. எவர் முதலில் எழுத்தில் தேதி கொடுக்கிறாரோ அவருக்கு இந்தப் பட்டியல்.

மதரஸா கமிட்டி முந்தாநாள் கூடி, வாடகைக் கோரிக்கையை வாபஸ் வாங்கி, கொக்கி அடிக்கச் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டது. மறுத்த மூன்று வீட்டுக்காரர்களில் இருவர் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் புதுச் சுண்ணாம்பு கெட்டுவிடும் என்கிறார். அந்தச் செலவை இளைஞர் அணி ஏற்றுக் கொள்கிறது. இன்று இரவே அவரைப் பார்க்கப் போகிறோம், அவருடைய மச்சானும் கூட வருகிறார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸா வாசலில் மேஜை போட்டிருக்கும். மின் இணைப்பு எண்ணும் ஒரு போன் நம்பரும் கொண்டு வந்தால் போதும், பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்குப் பெண்கள் பெயரிலேயே எழுதிக் கொள்கிறோம். வேலையை இழந்த அந்தப் பிள்ளைதான் மேஜையில் உட்கார்ந்து பட்டியலை எழுதுகிறாள்.