பாத்தியில் இருப்பதே படத்தில் இருக்கட்டும்

(பண்ணை ஒலிபரப்பு உரையின் எழுத்து வடிவம்)

மரக்காணம் கரையோரத்து உப்பளத் தோழர்களே, தாய்மார்களே!

விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசிவருகிற இந்தப் பகுதியில் இன்றைக்குப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "ரேடியோவுல படத்தப் பத்திப் பேச்சா?" என்று சிரிக்க வேண்டாம். அதற்கு அவசியம் வந்திருக்கிறது. இன்று உப்பளத்தில் வேலை செய்கிற வீடுகளிலும் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, அம்பாரம் கட்டுவது, மூட்டை பிடிப்பது என்று எல்லாவற்றையும் படம் பிடித்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் போடுகிறார்கள். அதைப் பார்த்து வெளியூர் வியாபாரிகளும் போன் செய்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணில் படுகிறதே ஒரே ஒரு படம், அதில்தான் பலபேர் கோட்டை விடுகிறார்கள்.

அந்தப் படத்தை முகப்புப் படம் என்று சொல்லலாம். பிள்ளைகள் 'தம்ப்நெயில்' என்பார்கள். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாகத் தெரிவதால் அந்தப் பெயர். இன்ஸ்டாகிராமில் அதையே 'கவர்' என்கிறார்கள். நாம் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், வீடியோவின் நடுவிலிருந்து ஏதோ ஒரு காட்சியைப் பிடித்து அந்த நிறுவனமே போட்டுவிடும். அதில் நம் ஆள் கண்ணை மூடியிருப்பார், அல்லது வாருபலகையின் பிடி மட்டும் தெரியும். யார் தொட்டுப் பார்ப்பார்கள்?

குத்தூசியில் வரும் மாதிரி

நெல் வியாபாரி மூட்டையைப் பிரிக்க மாட்டார். குத்தூசியைச் செருகி, வந்து விழுகிற நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். அந்த ஒரு பிடியை நம்பித்தான் மூட்டைக்கு விலை சொல்வார். முகப்புப் படமும் அப்படி ஒரு மாதிரிதான். மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறாகவும் இருந்தால் என்ன நடக்கும்? இந்தத் தடவை ஏமாறுவார், அடுத்த தடவை நம் களத்துப் பக்கமே வரமாட்டார்.

ஒரு சித்தப்பாவும் தம்பி மகனும் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன் சித்தப்பா, மலை மாதிரி உப்பு குவிஞ்சு கெடக்கிற படம் ஒண்ணு நெட்டுல இருக்கு. அதப் போட்டா நெறைய பேரு பாப்பாங்களே?"

"பாப்பாங்கடா. அத நம்பி ஒருத்தர் லாரி எடுத்துக்கிட்டு வந்து நின்னா, அந்த மலைய எங்கடா காட்டுவ?"

சித்தப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. 1960களில் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். வானொலியில் கேட்டது வயலிலும் விளைந்தது. அதனால்தான் அந்தப் பெயர் நிலைத்தது. வீடியோவுக்கும் அதே விதிதான். படத்தில் பார்த்தது உள்ளேயும் இருக்க வேண்டும்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. தலைப்பிலும் முகப்புப் படத்திலும் ஒன்றைக் காட்டி, உள்ளே அதைக் கொடுக்காமல் ஏய்க்கிற வீடியோக்கள் மேல், முக்கியமாகச் செய்தி தொடர்பானவற்றின் மேல், இந்தியாவில் கடுமையாக நடவடிக்கை எடுக்கப் போவதாக யூடியூப் நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்தது.

எந்தப் படத்தை எடுப்பது?

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வீடியோ யாருக்காக? கருவாடு போடுகிறவருக்கா, தோல் பதனிடுகிறவருக்கா, அல்லது உப்பு எப்படி விளைகிறது என்று பார்க்க ஆசைப்படுகிற பட்டணத்துப் பிள்ளைக்கா? வாங்குகிறவருக்கு என்றால், உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்துக் கிட்டத்தில் எடுங்கள். கல் பெரிசா, பொடிசா, நிறம் எப்படி என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வேலையைக் காட்டுகிற வீடியோ என்றால், வாருபலகையும் ஆளும் சேர்ந்து தெரிகிற படம் நல்லது. ஒரு படத்தில் ஒரு விஷயம் போதும். பாத்தி, அம்பாரம், லாரி, ஆள், கடல் எல்லாவற்றையும் அடைத்தால் நகம் அளவுப் படத்தில் ஒன்றும் விளங்காது.

பக்கத்திலேயே கழுவெளி இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைப் படம் அழகாகத்தான் இருக்கும். அதற்காக உப்பு வீடியோவுக்குப் பறவையை முகப்பில் வைக்காதீர்கள். பறவை பார்க்க வந்தவர் உப்பைக் கண்டதும் திரும்பிவிடுவார். உப்பு தேடுகிறவர் பறவையைப் பார்த்து ஒதுங்கிப் போவார். இரண்டு பேரும் நஷ்டம்.

வெயிலும் வெள்ளையும்

உப்பளத்தில் படம் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கீழே உப்பு வெள்ளை, மேலே வானம் வெளிச்சம். போன் காமிரா அந்தக் கூச்சத்தைப் பார்த்துத் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஆள் முகம் கருத்துப் போகும், உப்பும் சாம்பல் நிறமாகத் தெரியும். இதற்கு வழி சுலபம். போன் திரையில் ஆள் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் முகம் தெளியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம். நீங்கள் விடிகாலையில்தானே உப்பு வாருகிறீர்கள்? அந்த நேரமே படத்துக்கும் நல்ல நேரம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். முகம் தெரிய வெளிச்சம் கூட்டலாம், ஆனால் உப்பை வெளுப்பாக்கிக் காட்டுகிற வேலை வேண்டாம். உப்புக்கு நிறம்தான் தரம். படத்தில் பால் வெள்ளையாகப் பார்த்து வந்தவர் களத்தில் பழுப்பைக் கண்டால் பேரம் அங்கேயே முறிந்துவிடும்.

எழுத்து வேண்டுமா?

வேண்டுமென்றால் மூன்று, நான்கு வார்த்தை போதும். 'மரக்காணம் கல்லுப்பு', 'உப்பு வாருவது எப்படி?' இந்த மாதிரி. உப்பின் மேல் வெள்ளை எழுத்து எழுதினால் தெரியாது. கருநீலமோ கறுப்போ எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூப் படத்தின் வலது கீழ் மூலையில் எழுத்து வைக்காதீர்கள். வீடியோ எத்தனை நிமிஷம் என்ற கட்டம் அங்கேதான் வந்து உட்காரும், உங்கள் எழுத்தை மறைத்துவிடும்.

அளவும் முக்கியம். யூடியூபின் சாதாரண வீடியோவுக்கு அகலம் 1280, உயரம் 720 புள்ளி என்ற கணக்கில் படுக்கை வாட்டத்தில் படம் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் ரீலுக்கு நெட்டை வாட்டம். ஆனால் உங்கள் பக்கத்தில் வரிசையாகத் தெரியும்போது மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். ஆகவே முகத்தையும் எழுத்தையும் நடுவில் வையுங்கள். கடைசியாக ஒரு சோதனை: போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து அந்தப் படத்தைப் பாருங்கள். என்னவென்று விளங்கவில்லையா? வேறு படம் எடுங்கள்.

மாற்றுவது எப்போது?

ஒரு தடவை போட்டால் போட்டதுதான் என்று நினைக்க வேண்டாம். முகப்புப் படத்தை மாற்றலாம். வீடியோவும், பார்த்தவர் கணக்கும், கருத்துகளும் அப்படியே இருக்கும்.

மாற்றவேண்டிய முதல் சமயம், நிலவரம் மாறும்போது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் உப்பளங்கள் வெள்ளக்காடாக நின்றன. அப்போது ஒருவர், தன் உப்பளத்தை அறிமுகப்படுத்துகிற பழைய வீடியோவுக்கு மூழ்கிய பாத்தியின் படத்தை முகப்பாக வைத்தார் என்று வையுங்கள். அனுதாபமாக நாலு பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் தண்ணீர் வடிந்து, பாத்தி சீர்செய்து, அடுத்த பருவத்து உப்பு வாரின பிறகும் அந்தப் படம் அங்கேயே நின்றால்? "இவருகிட்ட உப்பு இல்ல போலிருக்கு" என்று வியாபாரி அடுத்த ஆளைத் தேடிப் போவார். வெளியூரில் இருக்கிற மகள் பார்த்துவிட்டு, மறுபடி வெள்ளமோ என்று பதறிப் போன் செய்வாள். ஆகவே களத்து வீடியோவுக்குக் களத்தின் இன்றைய படம் இருக்கட்டும். புயலைக் காட்டுகிற வீடியோவில் புயல் படமே இருக்கலாம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் '2024 நவம்பர்' என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நிற்கிற நாளில் இந்தப் பழைய படங்களை எல்லாம் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம்.

இரண்டாவது சமயம், படம் வேலை செய்யாதபோது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு கணக்கு உண்டு. யூடியூப் ஸ்டுடியோ என்று ஒரு ஆப் இருக்கிறது. உங்கள் படம் எத்தனை தடவை மற்றவர் கண்ணில் பட்டது, அதில் நூற்றுக்கு எத்தனை பேர் தொட்டார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று அது காட்டும். நூற்றுக்கு ஐந்து பேர்தான் தொட்டார்கள் என்று சோர்ந்துவிடாதீர்கள். யூடியூபில் பாதி வீடியோக்களுக்கு இந்தக் கணக்கு 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

இப்போது கவனியுங்கள். தொடுகிறவர் குறைவு, ஆனால் தொட்டவர் கடைசிவரை பார்க்கிறார் என்றால் வீடியோ நல்லது, படம்தான் சரியில்லை. படத்தை மாற்றுங்கள். தொடுகிறவர் நிறைய, ஆனால் பத்து விநாடியில் ஓடிவிடுகிறார் என்றால் படம் இல்லாததைச் சொல்கிறது என்று அர்த்தம். அப்போதும் படத்தைத்தான் மாற்ற வேண்டும், கவர்ச்சியைக் கூட்ட அல்ல, உண்மையைக் கூட்ட.

மாற்றும்போது தலைப்பையும் படத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். புது உரத்தை ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்ப்பதில்லையா, அதுபோல. படத்தை மட்டும் மாற்றி, தேதியை ஒரு நோட்டில் குறித்து, ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். மூன்று படம் கொடுத்தால் எது நல்லது என்று தானே சோதித்துச் சொல்கிற வசதியை 2024-ல் யூடியூப் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரில் ஸ்டுடியோவைத் திறந்தால் கிடைக்கும். அதிலும் அதிகம் பேர் தொட்ட படம் ஜெயிப்பதில்லை, அதிக நேரம் பார்க்கவைத்த படமே ஜெயிக்கிறது.

செய்முறை

யூடியூபில் சொந்தப் படம் வைக்க முதலில் உங்கள் போன் எண்ணைச் சரிபார்த்துக்கொடுக்க வேண்டும். பிறகு ஸ்டுடியோ ஆப்பில் வீடியோவைத் திறந்து, பென்சில் குறியைத் தொட்டு, முகப்புப் படத்தைத் தொட்டுப் புதுப் படத்தைத் தேர்ந்து சேமிக்கலாம். இன்ஸ்டாகிராமில் உங்கள் ரீலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'எடிட்', பிறகு 'கவர்'. யூடியூப் ஷார்ட்ஸுக்கு மட்டும், ஏற்றும்போதே நல்ல காட்சியைத் தேர்ந்துவிடுவது நல்லது. ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் பழைய படமே நிற்கும். முக்கியமானவர்களுக்கு மறுபடி அனுப்புங்கள்.

செய்யக் கூடாதவை

கேட்காமல் யார் முகத்தையும் முகப்பில் வைக்காதீர்கள். வெயிலில் தலையில் துணி கட்டி, கால் வெடித்து வேலை செய்கிற பெண்கள் நம் அக்கா, அண்ணிமார்கள். "அக்கா, இந்தப் படத்த முன்னாடி வெக்கட்டுமா? ஊரெல்லாம் பாக்கும்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். ஒருதடவை சரியென்றவர் பிறகு வேண்டாமென்றாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். குழந்தைகள் முகம் வேண்டவே வேண்டாம். சினிமா நடிகர் படமும், வேறொருவர் எடுத்த படமும் வேண்டாம்.

இன்னொன்று, சட்டம். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பாட்டுக்கென்று விற்பது 2006 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டிருக்கிறது. பாத்தியில் வாரிய உப்பைக் காட்டி, 'சமையலுக்கு இயற்கை உப்பு', 'நோய் தீர்க்கும் உப்பு' என்று படத்தில் எழுதினால் வம்பு வரும். கருவாட்டுக்கு, தோலுக்கு, ஐஸ் ஆலைக்கு என்று உள்ளதை எழுதுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒரு படத்தில் ஒரு விஷயம், காலை வெளிச்சம், நாலு வார்த்தைக்கு மேல் வேண்டாம், பருவம் மாறினால் படமும் மாறட்டும், மாற்றினதை நோட்டில் எழுதுங்கள். மாதிரியும் மூட்டையும் ஒன்றாக இருந்தால் வியாபாரி தானே திரும்பி வருவார்.