வாய் திறவாத இருவர்



தீப்பெட்டி ஆலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் விம்கோ நகர். ஆலை வந்தால் அடுக்களையில் என்ன நேரும் என்பதை இவ்வூர்ப் பெண்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலின், தோல் பதனிடும் ஆலை புகுந்த ஒரு சிற்றூரின் கதையிலிருந்து இவ்வுரை தொடங்குகிறது. கமலா மார்க்கண்டேயா ஆங்கிலத்தில் எழுதி 1954இல் வெளிவந்த 'நெக்டர் இன் எ சீவ்' புதினத்தின் தலைவி ருக்மணி. குத்தகை உழவனின் மனைவி. அவளோடு ஒப்புநோக்கத் தக்கவள், சீமின் தானேஷ்வர் பாரசீகத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட 'சவுஷூன்' புதினத்தின் ஜரி. இரண்டாம் உலகப் போரின்போது அயற்படை தங்கியிருந்த ஷிராஸ் நகரில், நிலக்கிழார் யூசுப்பின் இல்லாள் அவள்.

இருவரையும் பொறுமையின் வடிவம் என்று போற்றிவிட்டு அப்பால் நகர்வது எளிது. பொறுமையைப் பெண்ணுக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதில் திறனாய்வாளர் பலருக்குத் தனி ஊக்கம் உண்டு. ஆனால் இரு புதினங்களிலும் பெண்ணுக்குத் துணிவு கற்பிக்கும் ஆண் ஒருவன் இருக்கிறான் என்பதைக் கருத வேண்டும். உதவி வேண்டுமானால் குரல் எழுப்பு என்று ருக்மணியைக் கடிகிறார் ஆங்கில மருத்துவர் கென்னி. அயற்படைக்குத் தானியம் விற்க மறுக்கும் யூசுப், மனைவியின் அச்சத்தைக் கோழைமை என்கிறான். அறிவுரைகள் நல்லவையே. ஆயின் அவற்றின் விலையை யார் கொடுப்பது? ஆளுநரின் மகள் திருமணத்தில் இரவலாகப் போன ஜரியின் மரகதக் காதணிகள் திரும்பவில்லை. பின்னர் மகனின் குதிரையும் ஆளுநர் வீட்டுக்குப் போகிறது. இரட்டைப் பெண்மக்களையும் வயிற்றுக் கருவையும் எண்ணியே அவள் வாய் மூடுகிறாள். அது கோழைமையன்று, குடும்பத்தைக் காக்கும் கணக்கு.

யூசுப் கொல்லப்பட்டபின் அக்கணக்கு பொய்க்கிறது. இறுதி ஊர்வலம் நகரின் நடுவே செல்ல வேண்டும் என்று நிற்கிறாள் ஜரி. காவலர் அதைக் கலைத்துவிட, இரவில் சிலரோடு அடக்கம் நடக்கிறது. ருக்மணியின் மகன் ராஜாவும் இறக்கிறான், தோல் திருடினான் என்று ஆலைக் காவலர் அடித்ததால். ஆலையைச் சேர்ந்தோர் இருவர் வந்து, தம்மீது பொறுப்பில்லை என்று கூறிச் செல்கின்றனர். ருக்மணி மறுத்துப் பேசவில்லை. நிலக்கிழாரின் பிணத்துக்கு ஊர் திரளும், கூலியின் பிணத்துக்குத் திரளாது. பெண்ணியம் பேசுவோர் ஷிராஸின் மாளிகையையும் உழவனின் மண்குடிலையும் ஒரே தட்டில் வைத்துவிடலாகாது.

ருக்மணியைப் புகழ்வோர் அவள் மகள் ஐராவதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். மலடி என்று கணவனால் தள்ளப்பட்டவள் அவள். பஞ்சத்தில் தம்பி குட்டியின் பசி தீர்க்க இரவில் வெளியே செல்கிறாள். தந்தை தடுத்தும் கேட்கவில்லை. இரு புதினங்களிலும் எவருடைய அறிவுரையும் இன்றித் துணிந்தவள் அவளே. தம்பி பிழைக்கவில்லை. பின்னர் நிறமற்ற வெண்மையோடு பிறந்த தன் குழந்தையை, ஊரின் கண் முன்னே, அவள் வளர்க்கிறாள்.