மூன்று முறை விழுந்தவர்

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைபவர் கண்ணில், பீடத்துக்கு அடுத்தபடி படுவது சுவரோரம் வரிசையாக மாட்டிய 14 படங்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மக்கள் ஒவ்வொன்றின் முன்னும் முழந்தாளிட்டு எழுந்து சிலுவைப்பாதை செய்கிறார்கள். அவற்றில் 3, 7, 9ஆம் தலங்களில் இயேசு தரையில் விழுந்து கிடக்கிறார்.

அந்த மூன்று விழுதலும் நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. பக்தர்களின் நெஞ்சும் கலைஞர்களின் கையும் சேர்த்துக்கொண்டவை. 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் தலங்களை 14 என்று வரையறுத்தபோது அவையும் நிலைபெற்றன. ஏட்டில் இல்லாததை எளிய மக்கள் ஏன் இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டார்கள்? ஒருமுறை விழுந்து எழுந்தவரைப் பார்த்து வியக்கலாம். மூன்றாம் முறையும் விழுந்தவர் முன்னால்தான், குடியை விட்டுவிட்டு மறுபடி தொட்டவரும், கடனில் வீட்டை இழந்தவரும், தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற பிள்ளையும் கூச்சமில்லாமல் நிற்க முடிகிறது.

ஆனால் அந்த விழுதல் உடல் தளர்ந்து விழுந்தது. மனம் தவறி விழுந்தவருக்கு அந்தச் சுவரில் எங்கே இடம்?

1991 புனித வெள்ளியன்று ரோமின் கொலோசியத்தில் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் விவிலியத்தை மட்டுமே அடியொற்றிய ஒரு சிலுவைப்பாதையை நடத்தினார். மூன்று விழுதலும் அதில் இல்லை. 4ஆம் தலத்தில் பேதுரு தம் ஆண்டவரை மறுதலிக்கிறார். 11ஆம் தலத்தில் கள்வனுக்கு விண்ணக வாக்கு கிடைக்கிறது. கடலூர் துறைமுகத்தில் வலை உலர்த்துகிறவர்களுக்குப் பேதுரு தங்கள் தொழிலைச் செய்தவர், தங்களில் ஒருவர். அவர் கதையை யோவான் ஓர் ஓவியரின் கண்ணோடு எழுதியிருக்கிறார். தலைமைக்குருவின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர்காய்ந்தபடியே பேதுரு மறுக்கிறார். உயிர்த்த இயேசு அவரை ஏரிக்கரையில் சந்திக்கும்போது அங்கேயும் கரி நெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கடிந்து ஒரு சொல் இல்லை. அதற்காக நடந்ததை மறந்ததாகவும் இயேசு காட்டிக்கொள்ளவில்லை. மும்முறை மறுத்தவரிடம் மும்முறை கேட்கிறார், அன்பு செய்கிறாயா என்று. மூன்றாம் கேள்வி பேதுருவுக்கு வலிக்கிறது. மந்தையும் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது.

யூதாசின் நிலை வேறு. பிரான்சின் வெசலே பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டுத் தூண் ஒன்றின் தலைப்பில் யூதாஸ் தூக்கில் தொங்குகிறான்; அடுத்த பக்கத்தில் ஒருவர் அந்த உடலைத் தோளில் சுமந்து போகிறார். சுமப்பவர் நல்லாயன் என்று திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துரைத்தார். எந்த மறையுரையும் சொல்லத் தயங்கியதை அந்தப் பெயர் தெரியாத சிற்பி கல்லில் செதுக்கிவிட்டார்.

ஓவியர் ரெம்பிராண்ட் 1635 வாக்கில் இயேசுவின் உவமையில் வரும் ஊதாரி மைந்தனை வரைந்தபோது தம்மையே அவனாக்கினார்: கையில் உயர்த்திய மதுக்கோப்பை, மடியில் மனைவி சாஸ்கியா. அதன்பின் சாஸ்கியா இறந்தார்; 1656இல் ஓவியர் கடனில் மூழ்கினார்; 1668இல் மகன் டைட்டஸும் போனார். ரெம்பிராண்ட் 1669இல் மறைந்தார். மகன் வீடு திரும்பும் காட்சியை அவர் வரைந்தது அந்தக் கடைசி ஆண்டுகளில். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜில் இருக்கும் அந்த ஓவியம் எட்டரை அடி உயரம். மழித்த தலை, தேய்ந்த செருப்பு, வெளியே தெரியும் வெறும் உள்ளங்கால். மகனின் முதுகில் தந்தையின் இரு கைகள். வலப்பக்கம் விறைத்து நிற்பவர் மூத்த மகன் என்பது பெரும்பாலோர் கருத்து. வீட்டோடு இருந்து உழைத்தவரின் மனக்குறையையும் ரெம்பிராண்ட் மறைக்கவில்லை. மன்னிப்பைப் பேசும்போது இழந்தவரையும் காயப்பட்டவரையும் மறந்துவிடுகிற திருச்சபைப் பேச்சுக்கு அந்த உருவம் ஓர் எச்சரிக்கை.

போனவர் திரும்புவது இந்த மண்ணுக்குப் பழகிய கதை. சமணம் சென்று, சூலைநோயோடு தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, திருவதிகையில் மீண்டவர் அப்பர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பது பெரியபுராணம். நால்வர் திருவுருவங்களில் அவர் தோளில் சாய்ந்திருப்பது கோயில் முற்றத்துப் புல் செதுக்கும் உழவாரப்படை. திரும்பி வந்தவருக்கு மரியாதையோடு வேலையும் கிடைத்தது.

விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப்பெண் கோலத்தில் நிறுத்தி ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகின்றன. நம் கோயில்களின் சிலுவைப்பாதைப் படங்களோ பெரும்பாலும் இன்னும் ஐரோப்பிய முகங்களோடுதான் இருக்கின்றன. உத்தரப்பிரதேசத்தில் பிறந்த ஃபிராங்க் வெஸ்லி, மன்னிக்கும் தந்தையை இந்தியத் தூரிகையால் வரைந்து காட்டினார். கடலூர்ப் பங்குகளும் ஊர் ஓவியர்களை அழைத்து, கரி நெருப்பருகே நின்ற பேதுருவை இரண்டு படங்களாக வரையச் சொல்லலாம்: முற்றத்தில் ஒன்று, கரையில் ஒன்று. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அவற்றை மாட்டலாம்.