கரி ஒட்டுன இடத்தை மட்டும்

இன்னைக்கு ஒரு பழைய வேட்டை ரைபிளுக்குக் கையாலயே மரக்கட்டை செய்யுறதைப் பத்திப் பேசலாம். துப்பாக்கி மேல எனக்குப் பெரிய மோகம் கிடையாது. தச்சுவேலை மேல உண்டு.

அமெரிக்காவுல 1936-ல வந்த வின்செஸ்டர் மாடல் 70-ஐ எடுத்துக்குவோம். அதுக்குப் புதுசா வால்நட் கட்டை செய்யணும்னா, எல்லாரும் முதல்ல பார்க்குறது மரத்தோட சுழிசுழியான ரேகையைத்தான். அழகுதான், மறுக்கல. ஆனா அந்தச் சுழி தோள்ல வைக்கிற பக்கம் இருக்கலாம். கை பிடிக்கிற ஒல்லியான இடத்துல வரக்கூடாது. அங்க ரேகை நேரா ஓடணும். இல்லைன்னா, சுடும்போது வர்ற உதையில கட்டை அங்கதான் பிளக்கும்.

அடுத்தது, இரும்பு உட்காரப் பள்ளம் வெட்டுறது. எனக்குப் பிடிச்ச பகுதியே இதுதான். இரும்புல விளக்குக் கரி குழைச்ச எண்ணெயை மெல்லிசாப் பூசி, மரத்துல அழுத்தி எடுப்பாங்க. கரி ஒட்டுன இடம்தான் இடிக்குது. அதை மட்டும் சுரண்டணும். திரும்பப் பூசணும், அழுத்தணும், சுரண்டணும். நாள்கணக்கா இதே வேலை. கூடுதலாச் சுரண்டிட்டா மரம் திரும்ப வளராது!

உதையைத் தாங்கவே அடியில ஒரு இரும்பு முண்டு இருக்கு. அதோட பின்பக்கம் மரத்துல முழுசாப் பதியணும். ஒரு ஓரம் மட்டும் பட்டா, மொத்த உதையும் அங்கயே இறங்கி விரிசல் விடும், குறியும் நிலைக்காது.

பூட்டினதுக்கப்புறம் இது எதுவும் வெளியே தெரியாது. தெரியுறது ஆளிவிதை எண்ணெய் பளபளப்பு மட்டும்தான். விலை பேசுறவங்க அதைத்தான் தடவிப் பார்க்குறாங்க. நான் வாங்குற ஆளா இருந்தா, ஸ்க்ரூவைக் கழட்டி உள்ளே காட்டச் சொல்வேன்.