ஆடிக்காற்றும் ஆறு மா மணலும்



ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த மண் இது. அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. ஆள் பறந்ததை உலகமே பார்த்திருக்கிறது. 2008 ஆகஸ்டில் ஃபே என்ற புயல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரையில் ஒருவர், ஊரே வீட்டுக்குள் ஒதுங்கிய நேரத்தில், இடுப்பில் பெரிய பட்டத்தை மாட்டிக்கொண்டு அலையில் சறுக்கக் கிளம்பினார். குபீரென்று வந்த சூறை அவரைத் தூக்கி மணலில் அடித்தது. அத்தோடு விட்டதா? இழுத்துக்கொண்டு போய், சாலையைத் தாண்டி ஒரு கட்டடத்தில் மோதியது. பலத்த காயம், உயிர் மட்டும் தப்பியது. படம்பிடிக்கப்பட்ட அந்தச் சில நொடிகள் இன்றைக்கும் பயிற்சிப் பள்ளிகளில் பேசப்படுகின்றன.

அவர் செய்த விளையாட்டுக்குப் பெயர் கைட் சர்ஃபிங். காலுக்குக் கீழே ஒரு பலகை, தலைக்கு மேலே காற்றடைத்த பட்டம், இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர். பட்டம் இழுக்கும், பலகை வழுக்கும், மனிதர் தண்ணீரின் மேல் பறப்பதுபோலப் போவார். பிரான்ஸின் லெகேனூ சகோதரர்கள் 1984இல் இந்தக் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை பதிந்தபோது, வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம். நாற்பது ஆண்டு கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் அது முதன்முறையாகப் பதக்க விளையாட்டாகிவிட்டது.

சரி, மார்செய்க்கும் நம் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒரு ஐயா முகம் சுளிப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது. தூத்துக்குடியில் அக்வா அவுட்பேக், ராமநாதபுரம் பிரப்பன்வலசையில் க்வெஸ்ட் என்று தமிழ்நாட்டுக் கரையிலேயே பத்தாண்டுக்கும் மேலாக இதைச் சொல்லிக் கொடுத்துவருகிறார்கள். பாக் நீரிணைக்குத் தெற்கே, இலங்கையின் கல்பிட்டியில், இந்த விளையாட்டை நம்பியே விடுதிகள் எழும்பிவிட்டன. மே மாதம் தொடங்கினால் ஐரோப்பாவிலிருந்து ஆள்கள் வந்து இறங்குகிறார்கள். நம் டெல்டாவிலோ நாகப்பட்டினம் மாவட்டத்துக் காமேஸ்வரம் கடற்கரைக்கு நீலக்கொடித் தரச்சான்று வாங்கும் முயற்சியைத் தமிழ்நாடு அரசு எடுத்திருக்கிறது. சென்னைக்கு அருகே கோவளம் 2021இல் அந்தக் கொடியைப் பெற்றது. கொடி ஏறினால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால், பின்னாலேயே ஒரு வண்டியில் பட்டமும் பலகையும் வந்து இறங்க எவ்வளவு நேரமாகும்?

வரட்டும். வரவேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மேடை போடப்படவில்லை. எங்கே வரலாம், எந்தக் காற்றில் வரலாம், யார் சொல்லிக் கொடுக்கலாம் என்பதுதான் பேச்சு.

முதலில் அளவைப் பார்ப்போம். பட்டம் என்றதும் பொங்கல் லீவில் பையன்கள் விடும் காகிதப் பட்டம் மனத்தில் வருகிறது. இது அதுவல்ல. ஒரு நடுத்தரப் பட்டம் 9 சதுர மீட்டர்; அதாவது பத்துக்குப் பத்து அறையின் தரையை மூடும் துணி. அதற்கும் ஆளுக்கும் இடையே நான்கு நூல்கள், ஒவ்வொன்றும் 20 முதல் 24 மீட்டர். பெரிய கோயில் விமானத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. நூல் மெல்லியது, பக்கத்தில் நின்று பார்த்தால்கூடச் சட்டென்று கண்ணில் படாது. ஆனால் ஒற்றை நூலே 200 கிலோவுக்கு மேல் தாங்கும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா கழுத்தை அறுக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்க அதற்குத் தடை போட்டது. கைட் சர்ஃபிங் நூலில் கண்ணாடித்தூள் கிடையாது. ஆனால் மாஞ்சாவின் மறுமுனையில் ஒரு பையனின் விரல் இருக்கிறது. இங்கே ஒரு முழு ஆளின் எடையே தொங்குகிறது. விறைத்த அந்த நூல் ஒரு குழந்தையின் கழுத்து உயரத்தில் மணலை வாரிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நம் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். 24 மீட்டர் நூலைச் சுற்றிவர வீசினால் அது தொடும் நிலம் 45 சென்ட். ஒன்றேகால் மாவுக்கும் கொஞ்சம் கூட. அது பட்டம் ஒழுங்காக ஒரே இடத்தில் நிற்கும்போது. பயிலுகிறவர் தடுமாறி இழுபட்டால்? சுற்றிலும் 50 மீட்டர் காலியாக விடவேண்டும் என்றால் ஏறக்குறைய ஆறு மா, இரண்டு ஏக்கர் மணல் வேண்டும். ஒரே ஒரு மாணவருக்கு! அதில் சுண்டல் வண்டி நிற்கக் கூடாது, வலை காயக் கூடாது, குதிரை சவாரி போகக் கூடாது, செல்ஃபி எடுக்கிறவர் கூடாது. எத்தனை கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மா காலியாகக் கிடக்கிறது?

இனி காற்று. இதைப் பேசக் கடலோரத்துப் பெரியவர்கள்தான் மேடையேற வேண்டும். கச்சானையும் கொண்டலையும் வாடையையும் சோழகத்தையும் கன்னத்தில் பட்ட மாத்திரத்தில் பெயர் சொல்கிறவர்கள் அவர்கள். ஆனாலும் விஷயம் இதுதான். காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடித்தால் பட்டம் ஆளை மணலுக்கு இழுக்கும், கூட்டத்துக்குள் கொண்டுவந்து போடும். கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் ஆளை நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். இரண்டும் ஆகாது. கரையை ஒட்டிச் சாய்வாகக் காற்று வீசவேண்டும். விழுந்தாலும் கரையோரமாகவே ஒதுங்குவார். உலகத்தில் எந்தப் பள்ளியில் கேட்டாலும் முதல் பாடம் இதுதான்.

டெல்டாவின் கரை இந்த முதல் பாடத்தையே சிக்கலாக்குகிறது. பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று வடக்கு தெற்காக நேரே இறங்கும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரைகள் தெற்கே பார்க்கின்றன. ஆகவே ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று அதிராம்பட்டினத்தில் கடலிலிருந்து கரைக்கு வருகிறது. அதே காற்று, அதே நாள், நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. நாகையில் ஒரு மாணவரின் பலகை கழன்று, பட்டம் மட்டும் இழுத்துக்கொண்டு கிழக்கே போனால், அடுத்து நிற்கும் நிலம் அந்தமான். கார்த்திகை மார்கழியில் வாடை வீசும்போது இது அப்படியே தலைகீழாகிறது: நாகையில் அலை கரையை நோக்கிப் புரண்டுவரும், அதிராம்பட்டினத்தில் காற்று ஆளைப் பாக் நீரிணைக்குள் தள்ளும். ஒரே பயிற்சியாளர் இரண்டு கரையிலும் ஒரே கால அட்டவணையை ஒட்டிவிட முடியாது. ராமேஸ்வரம் பகுதியில் பயிற்சி தருகிறவர்கள் வாடைக்கு ஒரு பக்கக் கடல், தென்மேற்குக்கு மறுபக்கக் கடல் என்று மாறிக்கொள்கிறார்கள். தீவின் இரு பக்கமும் கடல் இருக்கும் வசதி அது. நமக்கு அந்த வசதி கிடையாது. கோடியக்கரை முனைக்கு ஐம்பது கிலோமீட்டர் இப்பாலும் அப்பாலும் ஓடவேண்டும்.

அந்த முனையிலேயே பயிற்சி வைத்தால் என்ன என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். கூடாது. அது 1967 முதல் சரணாலயம். வாடைக்காலத்தில்தான் பூநாரைகள் அங்கே வந்து இறங்குகின்றன. வானில் அத்தனை பெரிய துணி ஆடினால் பறவைக்கு அது கழுகுதான். தஞ்சை மாவட்டத்துப் பாக் விரிகுடாவிலும் கண் வேண்டும். 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம், 448 சதுர கிலோமீட்டர், நம் கரையிலும் புதுக்கோட்டைக் கரையிலும்தான் இருக்கிறது. ஆழமில்லாத கடல், காலூன்றி நிற்கலாம், தொடக்கக்காரருக்குத் தோது என்று பார்க்கிறவர்களுக்கு, அவர்கள் காலூன்றும் இடம் கடற்பசு மேயும் புல்வெளி என்பதும் தெரியவேண்டும். அதோடு, அதிராம்பட்டினத்தில் பல இடங்களில் காலூன்றினால் சேறு முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். அது வேறு கதை.

காற்றின் வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது, பலருக்குப் பிடிபடாத கணக்கு. காற்று இருமடங்கானால் இழுப்பு இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 22 கிலோமீட்டரில் சுகமாக இழுத்துக்கொண்டிருந்த பட்டம், மேகம் கறுத்துக் காற்று 44 ஆகும்போது நான்கு ஆள் சேர்ந்து இழுப்பதுபோல இழுக்கும். கோடைமழைக்கு முந்திய அந்தப் பத்து நிமிடக் காற்றை அறியாத விவசாயி உண்டா? களத்தில் தூற்றிக்கொண்டிருக்கும்போது மேற்கே இருட்டினால் நெல்லை மூடப் படுதா எடுத்து ஓடுகிறோமே, அந்த அவசரம் பட்டத்தை இறக்குவதற்கும் வேண்டும். ஃப்ளோரிடாக்காரர் படுதா எடுக்க ஓடவில்லை.

யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதற்கு வருவோம். 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி என்று சொல்லி, இரண்டாம் மாடியிலிருந்து கீழே வலையில் குதிக்கத் தயங்கிய மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட, சன்ஷேடில் அடிபட்டு அந்தப் பெண் இறந்தார். அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு அறிவித்தது. பிறகு! உயிர் காக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பிலேயே உயிர் போனது. பனியனில் ‘டிரெய்னர்’ என்று அச்சடிக்க நூறு ரூபாய் போதும். கைட் சர்ஃபிங்குக்கு 2001இல் தொடங்கிய சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு ஒன்று இருக்கிறது; பயிற்சியாளருக்குப் படிநிலை வைத்துச் சான்று தருகிறது. அந்தச் சான்றைக் காட்டு என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மருந்துக்கடையில் உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைப்பதில்லையா?

நல்ல பயிற்சியாளர் முதல் நாள் பலகையைத் தொடவே விடமாட்டார். சின்னப் பட்டத்தைத் தரையில் நின்று பிடிக்கச் சொல்வார். பிறகு விடுவிப்பு. இடுப்புப்பட்டையில் பட்டம் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு பிடி இருக்கிறது. தள்ளினால் பட்டத்தின் இழுப்பு அறுந்து அது சவம்போல விழுந்துவிடும். இந்தப் பிடி எத்தனை விசையில் திறக்கவேண்டும் என்பதற்கே 2020இல் ஐ.எஸ்.ஓ 21853 என்று உலகத் தரம் வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால், பத்து முறை அதைத் திறந்து காட்டிய பிறகே தண்ணீர். தண்ணீரிலும் முதலில் பலகை இல்லாமல் உடம்போடு இழுபடப் பழக்குவார். நடுக்கடலில் பட்டம் விழுந்தால் நூலைச் சுருட்டி, அதே துணியைப் பாயாகப் பிடித்துக் கரை சேரப் பழக்குவார். நீச்சல் தெரியாதவருக்கு இதில் எந்த நாளும் கிடையாது.

தேர்ந்தவர்களுக்கே தப்பு நேர்ந்திருக்கிறது. 2002இல் ஜெர்மனியின் ஃபெமார்ன் தீவில் நடந்த போட்டியில், அந்நாட்டு முன்னணி வீராங்கனை ஸில்கெ கோர்ல்ட்டின் நூல் இன்னொருவர் நூலோடு சிக்கிக்கொண்டது. கரைப்பக்கம் இழுபட்டு இறந்துபோனார். விடுவிப்புப் பிடி ஏன் இவ்வளவு முக்கியமானது என்று உலகம் அதற்குப் பிறகு இன்னும் உரக்கப் பேசியது. இரண்டு தேர்ந்தவர்களின் நூல் அப்படிச் சிக்குமானால், வேளாங்கண்ணியில் முதல் வகுப்புக்கு வந்தவரின் நூல் எதில் சிக்கும்?

வேளாங்கண்ணி என்று சொன்னது காரணமாகத்தான். ஆகஸ்ட் 29இல் கொடி ஏறி செப்டம்பர் 8இல் மாதாவின் பிறந்தநாளோடு முடிகிற திருவிழாவுக்கு, மொட்டை போட்டுக்கொண்டு கடலில் முழுக வரும் லட்சக்கணக்கானவர்கள் அலைக்கும் கோயிலுக்கும் நடுவே நிற்கிறார்கள். ஆடி அமாவாசையில் பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் இதே காட்சி. முழுகுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு முழுகுகிறார். தலைக்கு மேல் என்ன பறக்கிறது என்று பார்த்துவிட்டு முழுகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் கரைகளில் அந்த நாள்களில் மட்டுமல்ல, எந்த ஞாயிறும் பட்டப் பயிற்சிக்கு அனுமதி தரக் கூடாது. நீலக்கொடிக்கான விதிகளிலேயே, கடற்கரையைப் பல விதமாகப் பயன்படுத்துகிறவர்கள் மோதிக்கொள்ளாதபடி நிர்வகிக்கவேண்டும் என்று ஒன்று இருக்கிறது. கொடி கேட்டு விண்ணப்பிக்கும் ஊர், மிதவை கட்டி எல்லை போடவும் தயாராக வேண்டும்.

எல்லையை யார் போடுவது? அலுவலகத்தில் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் கோடு போட்டால் அந்தக் கோடு கரைவலை இழுக்கிற இடத்தின் மேலேயே விழும். மீனவர் பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த மாதம் எந்தத் துறையில் படகு ஏறும், எங்கே நீரோட்டம் சுழிக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாள்களில் வருமானம் இல்லாமல் நிற்கும் இளைஞர்களை மீட்புப் படகுக்குச் சம்பளத்தோடு வைத்துக்கொண்டால், காற்றைப் படித்தவரே காவலுக்கும் இருப்பார். படகு இல்லாத பயிற்சிக்கு அனுமதி கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கூடவே, கடலோரக் காவல்துறையின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்கள் பெரிய எழுத்தில் பலகையில் இருக்கட்டும்.

கடைசியாக, இந்த ஊருக்கு ஒரு வேலை இருக்கிறது. தரையில் நின்று சின்னப் பட்டம் பிடிக்கும் முதல் நாள் வகுப்பைச் சொன்னோம் அல்லவா? அதற்குக் கடலே தேவையில்லை. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் ஒரு வயல் போதும். ஆறு மா வயலுக்கு டெல்டாவில் பஞ்சமா? அக்கம்பக்கத்தில் மின்கம்பி ஓடாத வயலாகப் பார்க்க வேண்டும். பம்புசெட்டுக்கு லைன் இழுக்காத வயல் இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதை, இங்கே வந்திருக்கும் விவசாயிகள் கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகலாம்.