சுமந்தவர்கள் கேட்ட கேள்வி



வெள்ளி விழா மேடையில் வரலாறு பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விழைகின்றேன்.

ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த அத்தீவுகளுக்குள் 1942ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானியப் படை புகுந்தது. வெள்ளைத் தோட்ட முதலாளிகளுள் பெரும்பாலோர் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டனர். மண்ணின் மக்கள் எங்கே செல்வர்? பலர் கடற்கரையை விட்டு உட்காடுகளுக்குப் பெயர்ந்தனர். வேறு பலர், காட்டில் மறைந்திருந்து உளவறிந்த நேசநாட்டு அதிகாரிகளுக்குக் கண்ணும் காதுமாயினர்.

ஓய்வுபெற்ற காவலர் ஜேக்கப் வூசா, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் குவாடல்கனால் தீவில் பகைவரிடம் பிடிபட்டார். மரத்திற் கட்டித் துப்பாக்கி ஈட்டியாற் குத்தினர்; அவர் வாய் திறந்தாரில்லை. இறந்தாரென விடப்பட்டவர், கட்டுகளைப் பல்லாற் கடித்தறுத்து, குருதி வழியத் தவழ்ந்து அமெரிக்கர் அணியை அடைந்து, பகைவர் வரவை உரைத்தார். அவருக்குப் பதக்கங்கள் கிடைத்தன. 1979இல் 'சர்' பட்டமும் கிடைத்தது.

ஆனால், சுமை சுமந்தவர்கள்? 1942 இறுதியில் அமைந்த தொழிலாளர் படையில், மலைட்டா தீவினர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் குண்டுவீச்சுக்கிடையே கப்பற்சரக்கை இறக்கினர். மாதக்கூலி ஒரு பவுண்டு. அங்கே கறுப்பின அமெரிக்க வீரர்களைக் கண்டனர். அவர்களும் வெள்ளையரைப் போன்றே சீருடை அணிந்து லாரி ஓட்டினர். அப்படையிலும் நிறப்பிரிவினை இருந்ததென்பது மெய்யே. எனினும், "அவர்களால் இயலுமெனில் நம்மால் ஏன் இயலாது?" என்ற கேள்வி சுமந்தவர் நெஞ்சில் முளைத்தது.

அக்கேள்வியே மலைட்டாவில் 'மாசினா ரூரு' என்னும் உடன்பிறப்பு இயக்கமாயிற்று. அற்பக் கூலிக்குத் தோட்டவேலை செய்ய மறுத்தனர். தலைவரி கட்ட மறுத்தனர். பள்ளிகள் வேண்டுமென்றனர். தம் வழக்காறுகளைத் தாமே ஏட்டில் எழுதினர். 1947இல் தலைவர்கள் கைதாயினர். பின்னர் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். இயக்கம் பணியவில்லை. 1953இல் மலைட்டாவுக்கென ஒரு மன்றம் அமைந்தது; 1978 ஜூலை 7ஆம் நாள் நாடே விடுதலை பெற்றது.

அன்பு மாணவர்களே! பிறர் போரில் உயிரைப் பணயம் வைத்தோர்க்கு உரிமை தானாக வந்து சேரவில்லை. கேட்ட பின்னரே வந்தது. கேட்கத் துணிந்தோர் முதலில் எழுத்தைக் கைக்கொண்டனர். நும் பாட்டனாரும் பாட்டியாரும் சுமந்தவற்றை அவர்தம் வாய்மொழியாகக் கேட்டு, இன்றே ஓர் ஏட்டில் எழுதத் தொடங்குங்கள். அவ்வேடு இக்கழகத்தின் பொன்விழாவுக்கு நீங்கள் அளிக்கும் பரிசாகட்டும்.